பழைய தரவு மாதிரியில் கைவைக்குமுன்...



வருகைப் பதிவேட்டில் பிழை நேர்ந்தால் எப்படித் திருத்த வேண்டும் என்பதை, பணிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்லிக் கொடுத்துவிடுவார். வெண்மை பூசி மறைக்கக்கூடாது. சுரண்டி அழிக்கக்கூடாது. பிழையின்மீது ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான குறி, அதனருகே சுருக்கொப்பம். கோட்டுக்கு அடியில் முதலில் என்ன இருந்தது என்பது எவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். இந்த ஒழுங்கை நாம் எவரும் மீறுவதில்லை.

அதே நாம்தான் இன்று கணினியின் முன் அமர்ந்து, ஒரு கோடும் இழுக்காமல், ஓர் ஒப்பமும் இடாமல், பள்ளியின் ஐந்தாண்டுக் கணக்கை ஒரே இரவில் மாற்றிவிடுகிறோம். மாற்றிவிட்டோம் என்பதே பல வேளைகளில் நமக்குத் தெரிவதில்லை. நானும் அதைச் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெற்றோர்களும் இதைப் படிப்பதால், தரவு மாதிரி என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் மாணவர் பெயர்கள் ஓர் அட்டவணையில் இருக்கும். அன்றாட வருகை வேறோர் அட்டவணையில். மதிப்பீட்டு முடிவுகள் இன்னொன்றில். இவற்றை எக்செலிலோ பவர் பிஐ போன்ற வணிகப் பகுப்பாய்வு மென்பொருளிலோ கொண்டுவந்து சேர்க்கும்போது, சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். எந்த நெடுவரிசையை வைத்து அட்டவணைகளை இணைப்பது? 'சராசரி' என்றால் எதை எதனால் வகுப்பது? தேர்வுக்கு வராத பிள்ளையை எப்படிக் கணக்கில் கொள்வது? கல்வியாண்டு எந்த நாளில் தொடங்குகிறது? அட்டவணைகள், அவற்றின் இணைப்புகள், சூத்திரங்கள், இந்த முடிவுகள் எல்லாம் சேர்ந்ததுதான் தரவு மாதிரி. திரையில் தெரியும் வண்ண வரைபடங்கள் அதன்மேல் போர்த்திய சட்டை மட்டுமே.

இந்த மென்பொருள்கள் பள்ளிக்கூடத்திற்காகப் பிறந்தவை அல்ல. விற்பனை, சரக்கிருப்பு, கிளை வருமானம் ஆகியவற்றைக் கணிக்கப் பிறந்தவை. ஒரு கடையில் செவ்வாய்க்கிழமை எதுவும் விற்கவில்லையென்றால் அன்றைய விற்பனை சுழி. அதில் ஐயமில்லை. வெற்றிடத்தைச் சுழியாக நிரப்பினாலும் கடைக்காரருக்குக் குற்றமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை தேர்வெழுத வராத பிள்ளையின் மதிப்பெண் சுழியா?

இதில்தான் நான் விழுந்தேன்.

2023-ஆம் ஆண்டில், ஒரு சக ஆசிரியை உருவாக்கிய வாசிப்புத்திறன் கோப்பு என் பொறுப்புக்கு வந்தது. அவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஆண்டில் நான்கு வாசிப்புத் தேர்வுகள். அவற்றின் சராசரியில் கடைசியில் நிற்கும் 12 மாணவர்களின் பெயர்களைக் கோப்பே எடுத்துத் தரும். அந்தப் பன்னிருவருக்குப் பள்ளி முடிந்தபின் குறைநீக்கல் வாசிப்பு வகுப்பு. இடம் 12 பேருக்குத்தான், ஆசிரியர் ஒருவர்தான்.

அறிக்கையில் ஆங்காங்கே கட்டங்கள் காலியாக இருந்தன. கூட்டத்தில் ஒருவர், "ஏன் இவை காலியாக இருக்கின்றன? வேலை முடியவில்லையா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிரவே, தரவைத் தூய்மைப்படுத்தும் படிகளின் நடுவே ஒரு படியைச் செருகினேன். வெற்றிடம் எங்கிருந்தாலும் அங்கே சுழியை இடு என்பது அதன் கட்டளை. அறிக்கை அழகாகிவிட்டது. கட்டங்கள் நிரம்பின. வேறெதையும் நான் தொடவில்லை. தொடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சராசரி காணும் சூத்திரம் வெற்றிடத்தை விட்டுவிடும், சுழியை எண்ணிக்கொள்ளும். ஒரு பையன் முதல் இரண்டு தேர்வுகளில் 78, 81 எடுத்திருந்தான். அடுத்த இரண்டிற்கும் அவன் வரவில்லை, மருத்துவமனையில் இருந்தான். பழைய கணக்கில் அவன் சராசரி 79.5. என் திருத்தத்திற்குப்பின் அது 39.75. பள்ளியின் நல்ல வாசகர்களில் ஒருவன் கடைசிப் பன்னிருவரில் ஒருவனாகிவிட்டான்!

அவன் தாயார் பள்ளிக்கு வந்தார். கோபப்படவில்லை. "சார், இவன் வீட்டுல பேப்பர் படிக்கிறான். படிக்கத் தெரியாத பிள்ளைங்க வகுப்புல ஏன் சார் பேரு வந்திருக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் கோப்பைத் திறந்து பார்த்து, மன்னிப்புக் கேட்டு, பெயரை நீக்கினேன். இத்தோடு முடிந்திருந்தால் இதை ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லியிருப்பேன்.

பன்னிரண்டு இடங்களில் ஒருவன் தவறாக உள்ளே வந்தால், ஒருவர் தவறாக வெளியே போயிருக்க வேண்டும் அல்லவா? அதை நான் உடனே எண்ணிப் பார்க்கவில்லை. பழைய கணக்கை மீண்டும் ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான்கு தேர்வுகளுக்கும் தவறாமல் வந்து, 44, 41, 46, 43 என்று எடுத்திருந்த ஒரு சிறுமி. சராசரி 43.5. பழைய பட்டியலில் அவள் இருந்தாள். என் பட்டியலில் இல்லை. அதற்குள் 11 வாரங்கள் போய்விட்டிருந்தன. அவள் வீட்டிலிருந்து எவரும் வந்து கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? தவறாகச் சேர்க்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்குக் கடிதம் போகிறது. தவறாக விடப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு எதுவுமே போவதில்லை.

மாற்றலாகிப் போன ஆசிரியையைத் தொலைபேசியில் அழைத்தேன். "தெரிஞ்சேதான் காலியா விட்டேன், சார். வராத பிள்ளை வேற, படிக்கத் தெரியாத பிள்ளை வேற இல்லையா?" என்றார். அந்த வெற்றிடம் அவருடைய கவனக்குறைவு அன்று. அவர் எடுத்த முடிவு. நான் அதைக் குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டேன்.

பிறர் உருவாக்கிய தரவு மாதிரியைத் திருத்துவது எழுத்துப்பிழை திருத்துவது போன்றதன்று. ஒருவர் ஏற்கெனவே கேட்டுவைத்த கேள்வியை மாற்றுவது அது. விடை அதே பெயரில், அதே கட்டத்தில், அதே வண்ணத்தில் வந்து நிற்கும். கேள்வி மாறிப்போனதைப் பார்ப்பவர் அறியமாட்டார். ஆகவே, மாதிரியைத் திருத்துவதற்குமுன் அதை உருவாக்கியவரிடம் கேட்க வேண்டும். அவர் இல்லையென்றால், ஒவ்வொரு விசித்திரத்துக்கும் காரணம் இருக்கக்கூடும் என்று எண்ணித் தேட வேண்டும். தேடிக் கிடைக்காதபோதுதான் திருத்த வேண்டும். அப்போதும் பதிவேட்டில் செய்வதுபோல் கோடிட்டு ஒப்பமிட்டே திருத்த வேண்டும்.

"அப்படியானால் பழைய கோப்பைத் தொடவே வேண்டாமே, நகலெடுத்துப் புதிதாகச் செய்துகொள்ளலாமே!" என்பார் உண்டு. இதற்கும் நான் உடன்பட மாட்டேன். நகலெடுத்துச் செய்யும் பள்ளிகளின் நினைவகத்தைத் திறந்து பாருங்கள். 'வருகை இறுதி', 'வருகை இறுதி 2', 'வருகை உண்மையான இறுதி' என்று வரிசையாக நிற்கும். மூன்றிலும் மூன்று விழுக்காடு. கூட்டத்திற்கு எதைக் கொண்டுபோவது என்பது அன்றைக்கு எது முதலில் கண்ணில் பட்டது என்பதைப் பொறுத்தது. மேலும், திருத்தாமல் விட்ட மாதிரியும் பொய் சொல்லும். நாடு மாறுகிறது, தேர்வு மாறுகிறது, நாள்காட்டி மாறுகிறது. மாதிரி மட்டும் அப்படியே இருந்தால் எப்படி?

நம் நாட்டுக் கல்வியாண்டையே எடுத்துக்கொள்வோம். நெடுங்காலமாக ஜனவரியில்தான் பள்ளி தொடங்கிவந்தது. 2021-இலும் ஜனவரிதான். 2022, 2023, 2024 ஆகிய மூன்றாண்டுகளில் மார்ச் மாதம் தொடங்கியது. 2025-இல் பிப்ரவரி. 2026-இல் மீண்டும் ஜனவரிக்கே வந்துவிட்டோம். இப்போது, 'தேதியில் உள்ள ஆண்டே கல்வியாண்டு' என்ற பழைய விதியோடு ஒரு வருகை மாதிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியில் ஒரு சிறுவன் முதலாம் ஆண்டில் இருக்கிறான்; மார்ச்சில் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விடுகிறான். மாதிரிக்கோ இரண்டும் ஒரே 2023. அவனுடைய முதலாம் ஆண்டின் கடைசி வாரங்களில் நேர்ந்த விடுப்புகள் இரண்டாம் ஆண்டின் கணக்கில் ஏறுகின்றன. புதிய வகுப்பாசிரியர் தம் வகுப்பின் வருகையைப் பார்த்து, இவன் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று திகைப்பார்.

இதைச் சரிசெய்யப் புகுந்த ஒருவர் சாமர்த்தியமாக ஒரு சூத்திரம் எழுதினார்: மாதம் மார்ச்சுக்கு முந்தியதாக இருந்தால் ஆண்டில் ஒன்றைக் கழித்துக்கொள். (அந்தச் சாமர்த்தியசாலியும் நான்தான், மறைப்பானேன்!) அப்போதைய ஆண்டுக்கு எல்லாம் சரியாக வந்தது. மகிழ்ந்துபோனேன். ஆனால் அந்தச் சூத்திரம் பழைய ஆண்டுகளின்மீதும் பாய்ந்தது. 2019 ஜனவரி, பிப்ரவரி வருகை முழுவதும் 2018-இன் கணக்கில் போய் விழுந்தது. பின்னர் 2025 பிப்ரவரி வந்தபோது, புதிய ஆண்டின் முதல் நாள்கள் பழைய ஆண்டோடு ஒட்டிக்கொண்டன. 2026-இலும் அதே சூத்திரத்தை வைத்திருந்தால் ஜனவரி, பிப்ரவரி இரண்டுமே தவறாகிவிடும். நிகழ்காலத்தைத் திருத்துகிறேன் என்று போய் இறந்தகாலத்தைக் கெடுத்து, எதிர்காலத்திற்கும் குழி தோண்டி வைத்திருந்தேன்.

இதற்குத் தீர்வு சூத்திரமே அன்று. ஒரு சிறிய அட்டவணை போதும். ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் ஒரு வரி. தொடக்க நாள், முடிவு நாள். எந்தத் தேதி எந்த இடைவெளிக்குள் விழுகிறதோ அதுவே அதன் கல்வியாண்டு. அமைச்சு நாள்காட்டியை மாற்றினால் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். முந்திய வரிகளை எவரும் தொடத் தேவையில்லை. கணினி தெரியாத துணைத்தலைமையாசிரியர்கூட அதைப் படித்துச் சரிபார்க்கலாம். எனக்கு எட்டியவரை, மாதிரியில் செய்யும் நல்ல திருத்தம் எல்லாமே இப்படிப்பட்டதுதான்: பழையதை மாற்றாமல் புதியதைச் சேர்ப்பது.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக் கணக்குகளிலும் இதே கதைதான். தமிழ்ப்பள்ளிகளில் 2015 வரை ஏழு தாள்கள். '7ஏ' என்பது நம் வீடுகளில் மந்திரம்போல் ஒலித்த காலம் அது. 2016-இல் ஆங்கிலம் இரண்டாகப் பிரிந்து எட்டுத் தாள்களாயிற்று. 'ஏழு ஏ எடுத்தவரை எண்ணு' என்ற பழைய சூத்திரத்தைத் தொடாமல் விட்டிருந்தால், 2016-இல் ஒரு பாடத்தில் தவறியவர்கள் சாதனையாளராகவும், எட்டிலும் ஏ எடுத்தவர் காணாமற்போனவராகவும் ஆகியிருப்பார்கள். ஏழை எட்டாக மாற்றிவிட்டாலோ, முந்திய ஆண்டுகளில் சாதனையாளர் ஒருவர்கூட இல்லாமற்போவர். எண்ணை மாற்றுவதைவிட, அந்தந்த ஆண்டில் தாள்கள் எத்தனை என்பதை அட்டவணையில் வைப்பதே வழி.

2020-இல் யூ.பி.எஸ்.ஆர். நடைபெறவில்லை, 2021-இல் அது அறவே நீக்கப்பட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலைகள். இங்கே ஒரு விபரீதத்தைக் காண்கிறேன். பழைய கோப்பில் 'தரம்' என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது, அதில் ஏ, பி, சி இருக்கின்றன என்பதற்காக, 6-ஆம் நிலையை ஏ என்றும் 5-ஆம் நிலையை பி என்றும் மாற்றி அதே நெடுவரிசையில் கொட்டுகிறார்கள். பத்தாண்டு வளர்ச்சி ஒரே கோட்டில் அழகாக ஏறுகிறது! பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கிறது. தேர்வு மண்டபத்தில் ஒரே நாளில் எழுதிய தாளின் தரமும், ஆசிரியர் ஆண்டு முழுதும் உற்றுநோக்கி இட்ட நிலையும் ஒன்றா? ஒரு நெடுவரிசையில் வைத்துவிட்டால் மென்பொருள் கேள்வி கேட்காது, கூட்டிக் கொடுத்துவிடும். அடைவுநிலைகளுக்குச் சராசரி காண்பதையும் நான் ஏற்பதில்லை. 2-ஆம் நிலையில் ஒருவன், 6-ஆம் நிலையில் ஒருத்தி, சராசரி 4. அந்த 4-க்குள் உதவி வேண்டி நிற்கும் பையன் எங்கே? எந்த நிலையில் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டுவதே நேர்மை.

நுட்பமான வேறொரு பிழையையும் சொல்லவேண்டும். அட்டவணைகளை மாணவர் பெயரால் இணைப்பது ஆபத்து என்பதை எல்லாரும் அறிவர். ஒரே பள்ளியில் ஒரே பெயரில் இருவர் இருப்பர், ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியும் இருப்பர். ஆகவே மைகிட் அட்டையின் 12 இலக்க எண்ணைப் பயன்படுத்துகிறோம். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அந்த நெடுவரிசையை 'எழுத்து' வகையிலிருந்து 'எண்' வகைக்கு மாற்றிவிட்டால் முன்னால் நிற்கும் சுழி உதிர்ந்துவிடும். 2010-இலும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளின் எண் சுழியில் தொடங்காததால் இன்றைய மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். 2009-இலும் அதற்கு முந்திய சில ஆண்டுகளிலும் பிறந்து, பள்ளியைவிட்டுப் போய்விட்ட பிள்ளைகளின் எண்கள்தாம் 11 இலக்கமாகக் குறுகிப்போகும். மீண்டும் எழுத்து வகைக்கு மாற்றினாலும் உதிர்ந்த சுழி திரும்பாது. இணைப்புக் கிடைக்காத அவர்களுடைய மதிப்பெண்கள் அறிக்கையில் 'வெற்று' என்ற ஒரு வரியில் போய்க் குவியும். அப்படியொரு வரி அறிக்கையில் தோன்றினால் அதை வடிகட்டி மறைத்துவிடாதீர்கள். ஏதோ ஓர் இணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள். (அந்த எண் பிள்ளையின் அடையாள எண்ணும்கூட. அதைப் பலர் பார்க்கும் கோப்பில் வைக்காமல், பள்ளிச் சேர்க்கை எண்ணால் இணைப்பதே நல்லது.)

இப்போது தரவு மாதிரியை இணைய உலாவியிலேயே திறந்து திருத்தவும் முடிகிறது. வசதிதான், எனக்கு அச்சமாகவும் இருக்கிறது. பவர் பிஐயில் அப்படித் திருத்தும்போது 'சேமி' என்று தனியே அழுத்தத் தேவையில்லை, மாற்றம் தானாகவே பதிவாகிவிடுகிறது. அந்த மாதிரியை நம்பி நிற்கும் எல்லா அறிக்கைகளும் அதனோடு மாறுகின்றன. ஓர் அளவீட்டின் பெயரை மாற்றினால், அதே கோப்பில் இருக்கும் வரைபடங்கள் புதுப்பெயரை ஏற்றுக்கொள்ளும். வேறொருவர் அதே மாதிரியைக்கொண்டு தனியே அமைத்த அறிக்கையோ உடைந்துபோகும். அதைவிடக் கேடு, பெயரை மாற்றாமல் பொருளை மட்டும் மாற்றுவது. உடைந்த அறிக்கையைப் பார்த்தால் எவரேனும் கூவி அழைப்பார். பொருள் மாறிய அறிக்கை அமைதியாக வேலை செய்துகொண்டே இருக்கும்.

அந்தச் சிறுமியின் 11 வாரங்களுக்குப் பிறகு நான் மேற்கொண்ட பழக்கங்கள் மிக எளியவை. திருத்துமுன் கோப்பின் நகல் ஒன்றைத் தேதியிட்டு எடுத்து வைக்கிறேன். பயன்படுத்த அன்று, ஒப்பிட. பிறகு ஒரு தாளில் ஐந்தாறு எண்களை எழுதிக்கொள்கிறேன்: மொத்த மாணவர் எண்ணிக்கை, ஒரு மாதத்தின் மொத்த வராநாள்கள், ஒரு வகுப்பின் சராசரி, எனக்கு நன்கு தெரிந்த இரண்டு பிள்ளைகளின் முடிவுகள். திருத்தியபின் அவற்றோடு ஒப்பிடுகிறேன். மாறக்கூடாதது மாறியிருந்தால் அன்றிரவு தூக்கமில்லை. சூத்திரத்தை மாற்ற வேண்டியிருந்தால், பழையதன்மேல் எழுதாமல் புதிய பெயரில் ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாரும் புதியதற்கு மாறியபின்பே பழையதை மறைக்கிறேன். ஒவ்வோர் அட்டவணைக்கும் நெடுவரிசைக்கும் அளவீட்டுக்கும் 'விளக்கம்' எழுத ஒரு பெட்டி இருக்கிறது. பெரும்பாலான பள்ளிக் கோப்புகளில் அது காலியாகவே கிடக்கும். அதுதான் நமக்குச் சுருக்கொப்பம் இடும் இடம்: என்ன மாற்றம், ஏன், எந்நாள், யார்.

இதற்கெல்லாம் ஆசிரியருக்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. பாடம் நடத்துவதா, கோப்புக்குக் காவல் நிற்பதா? என் கருத்து சிலருக்குக் கசக்கலாம்: பள்ளியில் குறைந்தது இருவருக்குப் புரியாத தரவு மாதிரி அந்தப் பள்ளிக்குத் தேவையில்லை. ஒருவருக்கு மட்டுமே புரிவது அவர் மாற்றலாகும் நாளில் யாருக்கும் புரியாததாகிவிடும். அதைவிட, பன்னிரண்டு பெயர்களை வகுப்பாசிரியர் மூவர் உட்கார்ந்து கையாலேயே எழுதித் தரலாம். அவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பற்றிய எண் ஒன்றைப் பள்ளி உங்களிடம் காட்டினால், அது கூடியதா குறைந்ததா என்பதோடு நில்லாதீர்கள். எதையெல்லாம் சேர்த்து இந்த எண் வந்தது, சென்ற ஆண்டும் இப்படித்தான் கணக்கிட்டீர்களா, என் பிள்ளை வராத நாளை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அதை ஆசிரியர் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார். எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, கேளுங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாதபோதும் கேளுங்கள்.

என் கையிலிருக்கும் வாசிப்புக் கோப்பில், சராசரி என்ற அளவீட்டின் விளக்கப் பெட்டியில் இப்போது இவ்வாறு எழுதி வைத்திருக்கிறேன்: "வெற்றிடம் என்பது தேர்வுக்கு வராதவர். சுழியாக்க வேண்டாம். 2023-இல் நான் சுழியாக்கி, ஒரு மாணவிக்கு 11 வாரப் பாடம் தவறியது." கீழே என் பெயரும் தேதியும் உள்ளன. எனக்கும் ஒரு நாள் மாற்றல் வரும். கோப்பைப் பெற்றுக்கொள்ள வருபவர் யாராயினும், ஒரு மணி நேரம் என்னோடு உட்கார வேண்டும் என்று இப்போதே தலைமையாசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.